கீழ்த்தாடைக்கு இரண்டு திருகு

நம் பக்கத்துக் கிராமங்களில் வயதான உழைப்பாளிகளின் வீட்டுக்குப் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். மாடப் பிறையில் ஒரு தம்ளர். தம்ளரில் தண்ணீர். தண்ணீருக்குள் கீழ்வரிசைப் பல் செட். மேல் செட் மட்டும் வாயில் இருக்கும். “ஏன் பாட்டி போட்டுக்கலை?” என்று கேட்டால், “அது வாயில நிக்க மாட்டேங்குது தம்பி” என்று பதில் வரும். கூலிக் காசைச் சேர்த்துச் செய்துகொண்ட பல் பிறையில் கிடக்க, பாட்டி சோற்றைக் குழைத்து விழுங்கிக்கொண்டிருக்கிறார்.

குற்றம் பாட்டியுடையதல்ல. மேல் செட் அண்ணத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கீழ் செட்டுக்கு அப்படி ஒரு பிடிமானம் கிடையாது. நாக்கு அசைந்தால் அது எழும்பும். பல் போன பிறகு தாடை எலும்பும் கரைகிறது; மேலதைவிடக் கீழது ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகக் கரைகிறது. இன்று அளவெடுத்துச் செய்த செட் சில வருஷங்களில் தொளதொளத்துப் போவது இதனால்தான்.

இதற்கு விஞ்ஞானம் வழி கண்டிருக்கிறது. 1952இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி பிரேனமார்க், முயலின் கால் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைக் கழற்றப் பார்த்தார். வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தோடு ஒட்டிப் பிடித்திருந்தது. 1965இல் அதே உலோகத்தில் திருகு செய்து மனிதனின் தாடையில் வைத்துப் பல் கட்டினார். இப்போது கீழ்த்தாடையின் முன்பக்கம் இரண்டே திருகு இறக்கி, சுமார் மூன்று மாதம் ஆறவிட்டு, அதன் மேல் செட்டை ரவிக்கையின் பிரஸ் பட்டன் மாதிரி அமுக்கி மாட்டுகிறார்கள். சாப்பிடும்போது அசையாது. இரவில் கழற்றிக் கழுவலாம். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழே ஒரு பல்லும் இல்லாதவருக்கு முதலில் கொடுக்க வேண்டியதே இந்த இரண்டு திருகு செட்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று! தம்ளர் இன்னும் பிறையில்தான் இருக்கிறது.

காரணம் விலை. தனியார் பல் ஆஸ்பத்திரியில் ஒரு திருகுக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் என்கிறார்கள். குறைந்த கணக்கே போடுவோம்: இரண்டு திருகு நாற்பதாயிரம், செட்டுக்கு வேறு. 2025-26க்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி நாளுக்கு 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, ஒரு கவளம் சோறுகூடத் தின்னாமல் சேர்த்தாலும் 33,600 தான். மில் தொழிலாளிக்காவது இ.எஸ்.ஐ. அட்டை என்று ஒன்று உண்டு. வயலில் நிற்பவருக்கு அதுவும் இல்லை.

இந்தத் திருகு என்ன தங்கமா? டைட்டானியத் தாது கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலிலேயே கிடைக்கிறது. கேரளத்தின் சவறாவில் பொதுத்துறை ஆலை 2011 முதல் டைட்டானிய உலோகமே தயாரிக்கிறது. ராக்கெட்டுக்கு உதவும் உலோகம் ஒரு கிழவியின் தாடைக்கு ஏன் உதவக் கூடாது?

விலையைக் கட்டுப்படுத்த முடியாது என்று யாரும் கதை சொல்ல வேண்டாம். 2017 பிப்ரவரியில் இருதய ஸ்டென்டுக்கு மத்திய சர்க்கார் உச்சவரம்பு போட்டது. ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற சரக்கு முப்பதாயிரத்துக்குக் கீழே வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை முழங்காலுக்கும் போட்டார்கள். இருதயத்துக்கும் முழங்காலுக்கும் செய்ததைத் தாடைக்கும் செய்யட்டும் என்கிறோம். கேரளத்தில் ‘மந்தஹாசம்’, கர்நாடகத்தில் ‘தந்த பாக்கியம்’ என்று ஏழை முதியோருக்கு இலவசப் பல் செட் திட்டங்கள் உண்டு. அவை சாதாரண செட்தான். ஆனாலும் பல் என்பது பணக்காரர் அலங்காரமல்ல என்று ஒப்புக்கொண்ட திட்டங்கள். நமக்குச் சிதம்பரத்தில் சர்க்கார் பல் கல்லூரி இருக்கிறது. 2023இல் புதுக்கோட்டையிலும் வந்தது. நல்லதுதான். ஆனால் ஒரு செட் செய்ய நாலைந்து தடவை போய்வர வேண்டும். நாலைந்து நாள் கூலியும் பஸ் காசும் யார் தருவது? கும்பகோணம் தலைமை ஆஸ்பத்திரியிலேயே இந்த வேலை நடக்க வேண்டும்.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்கால் தொழிலாளிக்கு அதில் நாலு காசு சேர்ந்தால் சந்தோஷம். ஆனால் வெற்றிலையோடு போகும் சீவலும் புகையிலையும் ஈறைக் கெடுத்துப் பல்லைத் தள்ளுகின்றன. புகையிலை சேராத தாம்பூலமும் பாக்கும்கூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது. நடவில் குனிந்து நிற்கும் பெண் பசியை அடக்கத்தான் புகையிலையை அடக்கிக்கொள்கிறாள். அவளைக் கெட்ட பழக்கக்காரி என்று ஏசுகிறவர்கள், அவள் வயிறு அதுவரை ஏன் காய்ந்தது என்று கேட்பதில்லை. ஆயினும் புகையிலையும் பீடியும் கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் இருந்தால் திருகு எலும்பில் பிடிப்பது கடினம். இதைத் தெரிந்துகொண்டே கேட்போம்.

அதுவரை தம்ளரில் கிடக்கும் செட்டை வீசிவிட வேண்டாம். தொளதொளத்த செட்டுக்கு உள்பக்கம் புதுப் பூச்சு கொடுத்து இறுக்க முடியும், செலவும் குறைவு. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள். போகும்போது கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.