முதுகில்லாத புத்தகங்கள்

மத்திய யூலாந்தில் பிராண்டே, ஹேர்னிங் போன்ற ஊர்களில் நம்மவர் வீட்டு வரவேற்பறைகளில் புத்தக அலுமாரிக்குக் குறைவில்லை. அதில் சாமத்தியவீட்டுப் படம் இருக்கிறது. அரங்கேற்றக் கேடயம், பீங்கான் யானை, பிளாஸ்ரிக் பூ இருக்கின்றன. இவற்றுக்கு முட்டுக்கொடுக்கச் சில புத்தகங்களும் இருக்கின்றன.

இப்போது இதற்கு ஒரு நாகரிகமும் வந்துவிட்டது. சிவப்பு அட்டையைச் சிவப்போடும் நீலத்தை நீலத்தோடும் சேர்க்க வேண்டுமாம். தட்டில் பாதியை வெறுமையாக விட்டு ஒரு மெழுகுதிரி வைக்க வேண்டுமாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுக்காரர் வாசிப்பவர் என்று விருந்தாளி நம்பினால் போதும்.

"அழகாக வைத்திருப்பது குற்றமா?" என்று கேட்பீர்கள். குற்றமில்லை. 1968ல் ஓவியர்கள் பிராண்டே வீடுகளின் பக்கச் சுவர்களில் தீட்டிய பெரிய ஓவியங்களை நாமும் நின்று பார்த்திருக்கிறோம். சுவர் ஓவியமாவது நல்லதுதான். புத்தகம் சுவராவதுதான் கேடு. 1928ல் மொகென்ஸ் கொக் என்ற டெனிஷ் கட்டடக் கலைஞர் வடிவமைத்த சதுர அலுமாரி இன்றும் விலைபோகிறது. அவர் புத்தகங்களின் அளவுகளிலிருந்து தொடங்கினார். நாமோ அலுமாரியை வாங்கிவிட்டு அதற்குப் பொருத்தமான புத்தகத்தைத் தேடுகிறோம்.

இந்த அலங்காரத்தில் முதலில் வெளியேற்றப்படுவது எது? முதுகில்லாத புத்தகங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் டென்மார்க்கில் சஞ்சீவி, நோர்வேயில் சுவடுகள், ஜேர்மனியில் தூண்டில், சுவிசில் மனிதம், பரிசில் எக்ஸில் என்று எத்தனை இதழ்கள் வந்தன! தொழிற்சாலையிலும் உணவகக் குசினியிலும் வேலை முடித்து வந்தவர்கள் தூக்கத்தைக் கொடுத்துச் செய்த காரியம் அது. அக்காலச் சிற்றிதழ்கள் பலவும் போட்டோப்பிரதி எடுத்து, நடுவில் இரண்டு கம்பி அடித்துக் கட்டியவை. நிறுத்தினால் நிற்காது, முதுகில் பெயரும் இராது. ஆகவே அவை நிலவறைப் பெட்டிக்குப் போகின்றன. அடுத்த வீடு மாறும்போது பழைய கடதாசித் தொட்டிக்குள் விழுகின்றன.

வெளியீட்டு விழாவில் வாங்கிய நூல்களின் கதியும் பெரிதாக வேறல்ல. உறைக்குள் குறோணர்களை வைத்து, மேடையேறி, சிறப்புப் பிரதியோடு படம் பிடித்தால் கடமை முடிந்தது. எழுதியவருக்கு வேண்டியது உறை மட்டும்தானா? ஒரு வாசகனல்லவா?

1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. எரித்தவர்களை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. மறுபிரதி இல்லாதவை எரிந்ததுதான் அந்த இழப்பின் ஆறாத பகுதி. அப்படியானால் நமது நிலவறையில் கிடக்கும் இதழுக்கு மறுபிரதி எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தோமா? தீ வைக்க இங்கே யாரும் வரத் தேவையில்லை. ஈரமும் நமது அசட்டையும் போதும்.

2005 முதல் நூலகம் இணைய ஆவணகம் ஈழத்து எழுத்துகளைப் படியெடுத்து எவரும் இலவசமாக வாசிக்க வைத்து வருகிறது. கையில் கிடைப்பதைத்தான் அவர்களும் படியெடுக்க முடியும். முதலில் வந்த நாம் முதுமையை எட்டிவிட்டோம். வீட்டை நாளை ஒழுங்குபடுத்தப்போகும் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எதை வைப்பது, எதை எறிவது என்பதை அவர்கள் அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அந்த வேளையில் கம்பி துருப்பிடித்த இதழுக்காகப் பேச யார் இருப்பார்கள்?

ஆகவே நண்பர்களே, பெட்டிகளை இப்போதே திறவுங்கள். என்ன இதழ், எந்த ஆண்டு என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அரிதானவற்றைப் படியெடுக்கக் கொடுங்கள். மற்றவற்றை வாசிக்கிறவனுக்கு இரவல் கொடுங்கள். திரும்பி வராவிட்டாலும் குறையில்லை, எங்கோ ஒருவன் வாசிக்கிறான். அலுமாரியில் வெற்றிடம் தெரிந்தால் தெரியட்டும். அங்கே பீங்கான் யானையைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.