கொல்லை வெள்ளரிக்கு எந்த விதை?

தை பிறந்ததும் விதைக் கடைகளில் வெள்ளரி விதை கேட்டு வருவோர் எண்ணிக்கை கூடுகிறது. கடைக்காரர் நாலைந்து பாக்கெட்டுகளை எடுத்துப் போடுகிறார். எல்லாவற்றின் மேலும் பச்சைப் பசேலென்ற காய்ப் படம். விலை மட்டும் ஏறத்தாழ. விலை கூடியதுதான் நல்ல விதை என்று எண்ணி அதையே வாங்கிச் செல்வோர் பலர். ஐம்பது நாள் கழித்துப் பார்த்தால் கொடி நிறையப் பூ இருக்கும். காயோ கோணலும் மாணலுமாக இருக்கும், அல்லது பிஞ்சிலேயே வெம்பி உதிர்ந்திருக்கும். விதை மோசம் என்று கடைக்காரரோடு சண்டை வரும். பல சமயங்களில் அந்த விதையில் குற்றம் இல்லை. அது அந்த இடத்துக்கு உரிய விதை அல்ல என்பதே உண்மை.

பத்து ஏக்கரில் வெள்ளரி போடுகிறவருக்கு ஒரு பட்டம் தவறினால் அடுத்த பட்டத்தில் ஈடு செய்து கொள்ளலாம். கொல்லையில் ஐந்து குழி போடும் சிறு விவசாயிக்கு அந்த ஐந்து குழிதான் கோடை முழுவதற்கும் வீட்டுக் காய்கறி. மிஞ்சுவது சந்தைக்குப் போய் கைச்செலவுக்கு ஆகும். ஆகையால் பாக்கெட்டைக் கையில் எடுக்கும் முன் அவர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இது எந்த வெள்ளரி? காய் பிடிக்கத் தேனீ வேண்டுமா, வேண்டாமா? இதிலிருந்து விதை எடுத்து அடுத்த ஆண்டு விதைக்கலாமா? இவற்றுள் மூன்றாவது கேள்வியே வீட்டுத் தோட்டத்துக்கு முதன்மையானது. ஆனால் அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

பெயர் ஒன்று, பயிர் பல

வெள்ளரி என்ற ஒரே பெயரில் வெவ்வேறு பயிர்கள் வழங்கி வருகின்றன. பச்சையாகக் கடித்துத் தின்னும் வெள்ளரிக்காய் ஓர் இனம். பழுத்ததும் வெடித்து, மாவு போல் உதிர்ந்து, சர்க்கரை சேர்த்து உண்ணப்படும் வெள்ளரிப்பழம் முலாம்பழத்தின் இனம். கேரளத்தில் விஷுக் கணியில் வைக்கப்படும் மஞ்சள் நிற வெள்ளரியும், ஆந்திரத்தில் பருப்புடன் சேர்த்துச் சமைக்கும் தோசைக்காயும் அந்த முலாம்பழ இனத்தைச் சேர்ந்தவையே. குழம்புக்கு வெள்ளரி வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பச்சடிக்கான விதையை வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். கடையில் வெறுமனே வெள்ளரி விதை என்று கேட்காமல், பச்சையாகத் தின்பதற்கா, குழம்புக்கா, பழத்துக்கா என்று சொல்லிக் கேட்பது நல்லது.

இந்த இரண்டு இனங்களும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. பச்சை வெள்ளரிக்குப் பக்கத்தில் முலாம்பழமோ பாகலோ இருந்தாலும் கலப்பு நேராது. பாகல் கொடி அருகில் இருந்ததால் வெள்ளரி கசந்துவிட்டது என்று கிராமங்களில் சொல்வது சரியன்று. கசப்பு வெள்ளரியின் உடம்பிலேயே உள்ள குணம். வெயில் கடுமையாகி, ஒரு நாள் தண்ணீர் பாய்ந்து ஐந்து நாள் காய்ந்தால் அது தலைதூக்கும். காம்புப் பக்கமும் தோலுக்கு அடியிலும் கூடுதலாக இருக்கும். சில வழிவகைகளில் அது பரம்பரையாகவே மிகுதி. ஆகவே கசந்த காயைக் கண்ட கொடியிலிருந்து விதை எடுக்கக் கூடாது. வாயில் வைக்க முடியாத அளவு கசக்கும் காயைத் தின்னவும் கூடாது.

தேனீயும் காயும்

சாதாரண வெள்ளரிக் கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே வரும். முதலில் ஆண் பூக்களே தோன்றும். அவை உதிர்வதைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை. பின்னால் வரும் பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். தேனீ பலமுறை வந்து மகரந்தம் சேர்த்தால்தான் அந்தப் பிஞ்சு நேராக நீளும். சேர்க்கை குறைந்தால் காய் வளைந்தோ, ஒரு முனை சூம்பியோ போகும். பூ பூத்திருக்கும் காலையில் மருந்து தெளிப்பவர், கோணல் காய்க்கு விதையைக் குறை கூறுவதில் பயனில்லை.

இப்போது கடைகளில் மிக உயர்ந்த விலைக்கு, எடைக் கணக்கில் அல்லாமல் எண்ணிக்கைக் கணக்கில் விற்கப்படும் வெள்ளரி விதைகள் வேறு வகை. இவற்றின் கொடியில் ஏறக்குறைய எல்லாமே பெண் பூக்கள். மகரந்தச் சேர்க்கை இல்லாமலேயே விதையற்ற காய் பிடிக்கும். தேனீ நுழையாத பசுமைக் குடிலுக்காக இவை உருவாக்கப்பட்டவை. டெல்லி பூசா ஆராய்ச்சி நிலையமும் இத்தகைய விதையில்லா வெள்ளரி ஒன்றை வெளியிட்டுள்ளது. குடில் போட்டுப் பயிர் செய்பவருக்கு இவை வரப்பிரசாதம். ஆனால் திறந்த கொல்லையில், பக்கத்து வீட்டில் நாட்டு வெள்ளரி இருக்கும் இடத்தில் இதைப் போட்டால், தேனீ அங்கிருந்து மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். விதையில்லாக் காய் விதை பிடித்து, அடி பருத்து உருக்குலையும். கொடுத்த விலையும் போய், பார்த்த படமும் பொய்யாகும்.

இன்னொரு வகையும் உண்டு. பெண் பூவே மிகுதியாகப் பூக்கும், ஆனால் மகரந்தம் தேவைப்படும் வீரிய ஒட்டு வெள்ளரி அது. இதற்கு ஆண் பூ உள்ள வேறு ரகத்துக் கொடி ஒன்றிரண்டு துணைக்கு வேண்டும். இதை அறியாமல் அதை மட்டும் ஐந்து குழியில் போட்டால் பூ பூத்து வெம்புவதையே பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

ரகங்களின் பிறந்த ஊர்

பல ஆண்டுகளாக இந்நாட்டில் புழங்கி வரும் ரகங்கள் சில உண்டு. ஜப்பானிஸ் லாங் கிரீன் என்பது இமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கில் கட்ரைன் என்னும் ஊரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையக் கிளையின் வழியே பரவியது. சுமார் 45 நாளில் காய்க்கு வரும், ஓர் அடிக்கு மேல் நீளும். குளிர்ந்த பகுதிக்கும் மலைச் சரிவுக்கும் பொருந்திய ரகம் இது. பங்குனி வெயிலில் காயும் சமவெளித் தோட்டத்தில் அதே நீளத்தையும் அதே விளைச்சலையும் எதிர்பார்ப்பது நியாயமன்று. ஸ்ட்ரெய்ட் எய்ட் அமெரிக்காவில் 1935-ல் பரிசு பெற்ற பழைய ரகம். சுமார் எட்டு அங்குல நீளமுள்ள நேரான காய் தரும். மகாராஷ்டிரத்தின் பூனா கீரா சிறு காய் தரும். முற்றினால் தோல் துருப்பிடித்தது போல் பழுப்பாகும் என்பதால் இளசாகவே பறித்துவிட வேண்டும். இவை எல்லாம் விதை எடுத்து வைக்கத் தக்க ரகங்கள்.

பாயின்செட் என்ற ரகத்தின் வரலாறு சிறு விவசாயிகள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் 1966-ல் இது வெளியிடப்பட்டது. வெள்ளரியை வாட்டும் அடிச்சாம்பல் நோயையும் வேறு சில இலை நோய்களையும் தாங்கும் என்று பெயர் பெற்று, இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. அடிச்சாம்பலைத் தாங்கும் அந்தக் குணம் இதற்கு எங்கிருந்து வந்தது? இந்தியாவிலிருந்து சேகரித்துக் கொண்டுபோய், பி.ஐ. 197087 என்று எண்ணிட்டு வைத்திருந்த ஒரு வெள்ளரியிலிருந்து வந்தது. இங்கே ஏதோ ஒரு மண்ணில் விளைந்த வெள்ளரிதான் அமெரிக்க விவசாயிகளின் பயிரைப் பல்லாண்டுகள் காத்து நின்றது. 2004-ல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அந்நோய்க் கிருமி புது வேகத்தோடு பரவி அந்தக் காப்பையும் உடைத்தது. மறுபடியும் நோய் தாங்கும் வெள்ளரியைத் தேடும் வேலை அங்கே தொடங்கியது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. எந்த ரகத்தின் நோய் எதிர்ப்பும் நிரந்தரமன்று. ஆகவே ஒரே ரகத்தை நம்பி எல்லோரும் இருப்பது ஆபத்து. இரண்டாவது, அடுத்த நோய்க்கு மருந்து எந்தக் கொல்லையின் நாட்டு வெள்ளரியில் ஒளிந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. வெள்ளரிக்குப் பிறந்த வீடு இந்தியா. இமயமலை அடிவாரத்தில் கசப்பான காட்டு வெள்ளரி இன்றும் விளைகிறது. பிறந்த வீட்டிலேயே அதன் வகைகள் அழிந்துபோக விட்டுவிட்டால் வெளியில் போய்த் தேடிப் பயனில்லை.

விதை கையில் இருக்கட்டும்

வீரிய ஒட்டு விதையே கூடாது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அரை ஏக்கரில் சந்தைக்காகப் பயிர் செய்து, சொட்டு நீரும் உரமும் கணக்காகக் கொடுக்கக் கூடியவருக்கு அது முன்னதாகவும் கூடுதலாகவும் காய் தரும். விதைச் செலவும் விற்பனையில் திரும்பி வரும். ஆனால் அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போல் விளையாது. ஒரு கொடி ஒரு மாதிரி, மற்றொன்று வேறு மாதிரி என்று பிரிந்துபோகும். எனவே ஆண்டுதோறும் கடைக்குப் போயாக வேண்டும். கழுநீர் பாய்ச்சி வளர்க்கும் ஐந்து குழிக்கு ஆண்டுதோறும் விலை கொடுத்து விதை வாங்குவது எந்தக் கணக்கிலும் சேராது.

வீட்டுத் தோட்டத்துக்கு ஊரில் நன்றாகக் காய்த்து வரும் நாட்டு ரகமோ, மேலே சொன்னவை போன்ற கலப்பற்ற ரகமோ போதும். குழிக்கு நாலைந்து விதை ஊன்றி, முளைத்ததும் நல்ல நாற்று இரண்டை மட்டும் விடலாம். மூன்று வார இடைவெளியில் இரண்டு தவணையாக விதைத்தால் காய் ஒரேயடியாக வந்து வீணாகாது. ஒன்றுவிட்டு ஒருநாள் இளசாகப் பறித்தால் கொடி தொடர்ந்து காய்க்கும். ஒரு காயை முற்றவிட்டாலும் கொடி காய்ப்பைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே விதைக்கென்று நோயற்ற, கசப்பற்ற கொடி ஒன்றைத் தனியே குறித்து வைத்து, அதில் மட்டும் காயை விட வேண்டும். தோல் மஞ்சளாகவோ பழுப்பாகவோ முழுதும் மாறிய பின் பறித்து, விதையைச் சதையோடு எடுத்து ஓரிரு நாள் புளிக்க வைத்துக் கழுவ வேண்டும். அடியில் தங்கும் கனத்த விதையே நல்லது. நிழலில் நன்கு காயவைத்து, சாம்பலில் புரட்டி, காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்தால் சில ஆண்டுகளுக்கு முளைப்புத் திறன் கெடாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரு வெள்ளரி ரகம் மற்றொரு வெள்ளரி ரகத்தோடு எளிதில் கலக்கும். தேனீக்கு வேலி கிடையாது. விதைப் பண்ணைகளில் இரு ரகங்களுக்கிடையே பல நூறு மீட்டர் இடைவெளி விடுகிறார்கள். சிறு விவசாயியின் கொல்லை அவ்வளவு நீளம் இல்லை. தனி ஒருவரால் ஆகாத இதை ஒரு தெருவே சேர்ந்தால் சுலபமாகச் செய்யலாம். ஒரு குடியிருப்பில் உள்ளவர்கள் பேசி, எல்லோரும் ஒரே ரகத்தைப் போடுவதென்று முடிவு செய்தால், தேனீ எங்கே போய் வந்தாலும் கலப்பு ஏற்படாது. அடுத்த குடியிருப்பு வேறு ரகத்தை வைத்துக்கொள்ளட்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஏற்று நடத்தத் தக்க வேலை இது. அது முடியாத இடத்தில், மறுநாள் பூக்கவிருக்கும் ஆண், பெண் மொட்டுகளை மாலையிலேயே நூலால் கட்டி வைத்து, காலையில் ஆண் பூவைப் பெண் பூவில் தொட்டுத் தடவி, மீண்டும் பெண் பூவைக் கட்டிவிட்டால் கலப்பற்ற விதை கிடைக்கும்.

விதையைச் சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், பரிமாறிக்கொள்ளவும், பிராண்டுப் பெயர் போடாமல் விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்று 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள், விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது, விதை வீட்டில் இருக்க வேண்டும். விதை விற்போருக்கும் ஒரு கடமை உண்டு. பாக்கெட்டின் மேல் பெரிய படம் போடும் இடத்தில், இது ஒட்டு ரகமா, திறந்த வெளிக்கு உரியதா, குடிலுக்கு உரியதா, விதை எடுக்கலாமா என்ற நான்கு வரிகளைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட வேண்டும். மானிய விலையில் வீட்டுத் தோட்ட விதை வழங்கும் அரசுத் துறைகள் இதற்கு வழிகாட்டலாம். அதுவரை, கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குவது விவசாயியின் பொறுப்பு.

இந்தத் தைப் பட்டத்தில் புதிய ரகம் ஒன்றைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர் தாராளமாகப் பார்க்கலாம். அதற்கு ஒரு குழி போதும். விதைக்கென்று விடும் கொடியில் மட்டும் பூவைக் கட்டி வைக்கத் தவறக் கூடாது. மற்ற நான்கு குழிகளில் வீட்டு விதையே விழட்டும்.