பந்தயத்துக்கு முந்தின நாள் கணக்கு

மோட்டார் பந்தய வாரம் வந்துவிட்டால் வெள்ளிக்கிழமை முதற்கொண்டே சில வீடுகளில் கணித சாஸ்திரம் கொடிகட்டிப் பறக்கிறது. பள்ளிக்கூடத்துக் கணக்கென்றால் காத தூரம் ஓடும் பிள்ளையாண்டான், எந்தச் சாரதி எந்தப் பாதையில் எத்தனை தடவை ஜயித்தார் என்று நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதுகிறான். தகப்பனார் முதலில் கோபிக்கிறார்; பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூட்டலைச் சரிபார்க்கிறார். கடைசியில் இருவருமாக, "யார் ஜயிப்பார்கள்?" என்று நம்மைக் கேட்கிறார்கள். ஜோசியம் சொல்லும் யோக்கியதை நமக்குக் கிடையாது. ஆனால் அந்த நோட்டுப் புத்தகத்தை எப்படி வாசிக்கவேண்டும் என்பதைப் பற்றி நமக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை விளக்குவதற்கு 2021-ம் வருஷத்து அபுதாபிப் பந்தயம் மிகவும் ஏற்றது.

அந்த வருஷம் பார்முலா ஒன் பந்தயங்கள் 22. கடைசிப் பந்தயம் டிசம்பர் 12-ந் தேதி. அதற்கு முந்தின நாள் கணக்கைக் கூட்டினால், இங்கிலாந்தின் லூயிஸ் ஹாமில்டனுக்கு 369½ புள்ளி. ஒல்லாந்தின் மாக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்கும் 369½ புள்ளி! கடைசிப் பந்தயத்துக்கு முன் முதல் இருவரும் சரிசமமாக நின்றது அதற்குமுன் ஒரே ஒரு தடவைதான். 1974-ல் பிட்டிபால்டியும் ரெகஸோனியும் தலைக்கு 52 புள்ளியுடன் நின்றார்கள். ஹாமில்டனுக்கு வயது 36. ஏற்கெனவே ஏழு தடவை உலக சாம்பியன். அந்த ஏழில் அவருக்குச் சமமாக இருந்தவர் மைக்கேல் ஷூமாக்கர் ஒருவரே. எட்டாவதும் கிடைத்துவிட்டால் பக்கத்தில் நிற்க ஆளில்லை. வெர்ஸ்டாப்பனுக்கு வயது 24. அதுவரையில் பட்டம் ஒன்றுமில்லை.

சமம் என்று சொல்லிவிட்டோம். சமமாவது, கிமமாவது! கணக்கு வந்த வழியைப் பாருங்கள். மெக்ஸிகோ பந்தயம் முடிந்தபோது வெர்ஸ்டாப்பன் 19 புள்ளி முன்னால் இருந்தார். பிரேஸிலில் சனிக்கிழமை நடந்த குறும்பந்தயத்தில் அது 21 ஆயிற்று. மறுநாள் 14, கத்தாரில் 8, சவூதி அரேபியாவில் பூஜ்யம். கடைசி மூன்று பந்தயங்களையும் வரிசையாக ஜயித்தவர் ஹாமில்டன். பிரேஸிலில் புது எஞ்சின் பொருத்திக்கொண்டதற்குத் தண்டனையாகப் பத்தாவது இடத்திலிருந்து புறப்பட்டும் முதலாவதாக வந்தார். ஓடுகிற வேகத்தைப் பார்த்துப் பந்தயம் கட்டுகிறவர்கள் ஹாமில்டன் பக்கமே சாய்ந்திருப்பார்கள்.

கோஷ்டிக் கணக்கும் அப்படியே சொல்லிற்று. மெர்ஸிடிஸ் கோஷ்டிக்கு 587½, ரெட் புல் கோஷ்டிக்கு 559½. இடக் கணக்கும் அதற்கு ஒத்து ஊதிற்று. அபுதாபியில் ஹாமில்டன் ஐந்து தடவை ஜயித்திருந்தார். வெர்ஸ்டாப்பன் ஒரே தடவை. ஆனால் அந்த வருஷம் பாதையையே மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்பது எத்தனை நோட்டுப் புத்தகங்களில் ஏறிற்றோ! 21 வளைவுகள் 16 ஆயின, 5.554 கிலோமீட்டர் 5.281 ஆகக் குறைந்தது. ஊர் பழையது, பாதை புதியது. பழைய வெற்றிகளுக்கு எத்தனை மதிப்புக் கொடுப்பது?

மறு தட்டிலும் எடை உண்டு. பாகுவில் வெர்ஸ்டாப்பன் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது டயர் வெடித்தது. அதே பந்தயத்தில், மறுபடி புறப்படும் சமயம் ஹாமில்டனின் விரல் தவறுதலாக ஒரு பொத்தானில் பட்டு, பிரேக்கு சொன்னபடி கேட்காமல், அவர் பதினைந்தாவதாக வந்து சேர்ந்தார். ஒருவருக்கு டயர் மோசம் செய்தது, மற்றவருக்கு விரல். கணக்குப் புத்தகத்திலோ இரண்டும் ஒரே பூஜ்யம். ஹங்கேரியில் பிறர் மோதியதில் வெர்ஸ்டாப்பனின் கார் பாதி உடைந்து, இரண்டே புள்ளி கிடைத்தது.

இனி அந்த அரைப் புள்ளிக்கு வருவோம். ஆகஸ்டு 29-ந் தேதி பெல்ஜியத்தில் ஸ்பா என்ற இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணி நேரத்துக்குமேல் எல்லாரும் காத்திருந்தார்கள். பிறகு பாதுகாப்புக் காருக்குப் பின்னால், கல்யாண ஊர்வலம் மாதிரி, சில சுற்று மெல்லப் போய்வந்தார்கள். ஒருவரை ஒருவர் முந்தக்கூடாது. அவ்வளவுதான், பந்தயம் முடிந்தது என்று சொல்லிப் பாதிப் புள்ளி கொடுத்துவிட்டார்கள். முதலில் நின்ற வெர்ஸ்டாப்பனுக்கு 12½. மூன்றாவதாக நின்ற ஹாமில்டனுக்கு 7½. மழையில் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள்.

இந்த ஊர்வலத்தைத் தள்ளிவிட்டுக் கணக்கைப் போட்டால் ஹாமில்டனுக்கு 362, வெர்ஸ்டாப்பனுக்கு 357. சமம் எங்கே போயிற்று? இன்னொரு விபரீதமும் உண்டு. இருவரும் அபுதாபியில் புள்ளி எடுக்காமல் போனால், அதிக வெற்றி பெற்றவருக்கே பட்டம் என்பது விதி. வெர்ஸ்டாப்பனுக்கு 9 வெற்றி, ஹாமில்டனுக்கு 8. அந்த ஒன்பதில் ஒன்று ஸ்பா ஊர்வலம்!

புள்ளிவிவரம் பொய் சொல்லுகிறதென்று நாம் சொல்லவரவில்லை. கேட்ட கேள்விக்குமேல் ஒரு வார்த்தை பேசாத சாட்சி அது. நம் கோயமுத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005-ல் அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி பெற்றார். பார்முலா ஒன்னில் அவர் பெற்ற புள்ளி அத்தனையும் அதுதான். அன்று டயர் தகராறினால் 14 கார்கள் விலகிப்போய், ஆறு கார்கள் மட்டுமே ஓடின என்பது ஏட்டில் இல்லை. மற்றப் பந்தயங்களில் வேகமில்லாத கார்களைக் கட்டிக்கொண்டு அவர் பட்ட பாடும் அதே ஏட்டில் இல்லை. இரண்டையும் அறிந்தவனே அவருடைய திறமையைப் பற்றிப் பேசலாம்.

அபுதாபியில் நடந்தது என்ன? சனிக்கிழமை வெர்ஸ்டாப்பன் முதலிடம் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டதும் ஹாமில்டன் முந்திக்கொண்டார். வெர்ஸ்டாப்பனின் கூட்டாளி செர்கியோ பெரஸ், தேய்ந்த டயர்களோடு ஹாமில்டனை மறித்துப் பல விநாடிகளை விழுங்கினார். அந்த உழைப்புக்கு ஏட்டில் கிடைத்தது பூஜ்யம். பெரஸ் பந்தயத்தை முடிக்கவில்லை. எனினும் 58 சுற்றில் 52 வரையில் பட்டம் ஹாமில்டனுடையதாகவே தோன்றிற்று. 53-வது சுற்றில் எங்கோ பின்னால் ஓடிய வில்லியம்ஸ் கார் ஒன்று சுவரில் மோதிற்று. பாதுகாப்புக் கார் வந்தது. வெர்ஸ்டாப்பன் புது டயர் போட்டுக்கொண்டார். ஹாமில்டன் நின்றால் முதலிடம் போய்விடும். ஆகவே 14-வது சுற்றில் போட்ட டயருடனேயே இருந்தார்.

இருவருக்கும் நடுவே, ஒரு சுற்றுப் பின்தங்கிய கார்கள் ஐந்து. அவை முந்திப் போகக்கூடாது என்று முதலில் அறிவிப்பு. பிறகு அந்த ஐந்து மட்டும் போகலாம் என்று உத்தரவு. பின்னால் நின்ற மற்றவை போகவில்லை. வழக்கம்போல் இன்னொரு சுற்று காத்திராமல் பாதுகாப்புக் காரும் வெளியேறிற்று. மிஞ்சியது ஒரே சுற்று. ஐந்தாவது வளைவில் வெர்ஸ்டாப்பன் முந்தினார், பட்டமும் பெற்றார். மெர்ஸிடிஸ் கோஷ்டியின் இரண்டு ஆட்சேபங்களும் அன்றிரவே தள்ளப்பட்டன. 2022 பிப்ரவரியில் பந்தய அதிகாரி மைக்கேல் மாஸி அந்தப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மார்ச்சு மாதத்தில் உலக சம்மேளனத்தின் அறிக்கை, நல்லெண்ணத்துடன் நடந்த மனிதத் தவறு இது, முடிவு முடிவுதான் என்று சொல்லிற்று. வெர்ஸ்டாப்பன் அந்த வருஷம் பட்டத்துக்குத் தகுதியானவரே என்பது நம் கட்சி. ஆனால் அந்தக் கடைசிச் சுற்றை அப்படி ஏற்பாடு செய்தது நியாயமென்று நம்மால் சொல்ல முடியாது. தகுதி வேறு, தீர்ப்பு வேறு.

முடிவில் வெர்ஸ்டாப்பனுக்கு 395½, ஹாமில்டனுக்கு 387½. ஸ்பாவைக் கழித்துவிட்டு நம் பிள்ளையாண்டான் கணக்குப் போட்டுப் பார்த்தான்: 383-ம் 380-ம். தகப்பனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சரிபார்த்துவிட்டார், கழித்தல் சரிதான்.