பாட்டு ஏன் ஏறவில்லை?

வீட்டிலே ஒரு பொருள் பழுதானால் அதனைத் திருத்துவதற்கு முன்னாளில் ஊருக்குள் ஒருவர் இருந்தார். கடிகாரத்துக்கு ஒருவர், வானொலிப் பெட்டிக்கு ஒருவர், தையல் இயந்திரத்துக்கு ஒருவர். இன்று கணினியும் கைத்தொலைபேசியும் ஒன்றோடொன்று பேச மறுக்கும்பொழுது, யாரிடம் செல்வதென்று அறியாது குடும்பத்தார் திகைக்கின்றனர். அயலிலே ‘இவருக்குக் கொஞ்சம் தெரியும்’ என்று பெயரெடுத்த ஒருவர் அகப்பட்டால் அவர் பாடு திண்டாட்டந்தான். எமது ஒழுங்கையில் அப்பெயரை நாம் எப்படியோ சம்பாதித்துக்கொண்டோம்.

சென்ற மாதம் ஒரு மாலை, பல்கலைக்கழகத்திற் பயிலும் அயல்வீட்டுப் பிள்ளை ஒருத்தி புதிய மடிக்கணினி ஒன்றையும் தனது ஐபோனையும் ஏந்திக்கொண்டு எமது விறாந்தைக்கு வந்தாள். அவளுடைய தமக்கையின் திருமணத்துக்கு ஒலிக்கவேண்டிய பாட்டுக்களைக் கணினியிற் சேர்த்திருந்தாள். அவை கைத்தொலைபேசியில் ஏற மறுத்தன.

“மாமா, பாட்டு ஒண்டும் போனுக்குள்ளை போகுதில்லை. என்னவோ கேட்டுக்கொண்டு நிக்குது. ‘ஓம்’ எண்டு அமத்தட்டோ?”

திரையை எட்டிப் பார்த்தோம். இக்கைத்தொலைபேசி வேறோர் இசைநூலகத்தோடு இணைக்கப்பட்டுள்ளது என்றும், அதிலுள்ளவற்றை அழித்துவிட்டு இந்நூலகத்தோடு ஒத்திசைக்க விருப்பமோ என்றும் கணினி மிக மரியாதையாக வினவிக்கொண்டிருந்தது. பிள்ளையின் விரல் பொத்தானின்மேல் இருந்தது.

“பிள்ளை, கையை எடும்!” என்று நாம் சற்று உரத்தே கூறிவிட்டோம்.

அவள் வெருண்டு போனாள். நாம் உரத்துப் பேசியதற்குக் காரணம் உண்டு. இற்றைக்குப் பத்து ஆண்டுகளின் முன்னர் இதே கேள்விக்கு ‘ஓம்’ என்று நாமே விடை கொடுத்தோம். எமது தமக்கையார் சமையலறையில் நின்று பாடிய பாட்டொன்று அந்நாளில் எமது கைத்தொலைபேசியில் இருந்தது. அதனை முதலில் வைத்திருந்த பழைய கணினியை நாம் விற்றுவிட்டோம். புதிய கணினியில் அப்பாட்டு இல்லை. கேள்வியை முழுதும் வாசியாமலே அழுத்தினோம். அடுத்த ஆண்டு தமக்கையார் காலமானார். அப்பாட்டு எம்மிடம் இல்லை. பிழை இயந்திரத்தினுடையதன்று, எமது அவசரத்தினுடையது.

“போனிலை என்ன பாட்டு இருக்குது?” என்று பிள்ளையைக் கேட்டோம்.

சினிமாப் பாட்டுக்கள் பல. அவற்றோடு அவளுடைய அம்மப்பா கதை சொல்லும் ஒலிப்பதிவுகள் ஒன்பது. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பேரப்பிள்ளைகள் பிறக்குமுன்பே மறைந்தவர். எண்பதுகளின் பிற்பகுதியில் கசெற்றில் பதிந்த அக்கதைகளை அவளுடைய தந்தையார் கணினிக்கு மாற்றியிருந்தார். அதன்பின் கசெற் நாடா சிக்குண்டு அறுந்தது. சென்ற ஆண்டு அப்பழைய கணினியின் வன்தட்டும் செயலிழந்தது. அஃதாவது, அம்மப்பாவின் குரல் அப்பொழுது இவ்வுலகில் ஓரிடத்தில் மட்டுமே இருந்தது. அவ்விடம் பிள்ளையின் கையில் இருந்த ஐபோன். இதை அவள் எம்முன் நின்று விடை சொல்லும்போதுதான் உணர்ந்தாள்.

இங்கே வாசகர்கள் ஒரு சொல்லை நன்கு விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். ‘சிங்’ என்று இளைஞர் வழங்குவதும், ‘ஒத்திசைவு’ என்று தமிழில் எழுதப்படுவதும் படியெடுத்தல் அன்று. படியெடுத்தல் என்றால் இருப்பதோடு மேலும் சேர்ப்பது. ஒத்திசைத்தல் என்றால் ஒன்றை மற்றொன்றின் நிழலாக்குவது. கணினியில் உள்ளது கைத்தொலைபேசியில் வரும்; கணினியில் இல்லாதது கைத்தொலைபேசியிலிருந்து நீங்கும். கண்ணாடிக்கு முன் நிற்பவர் அகன்றால் கண்ணாடியில் உருவம் தங்காதன்றோ?

இப்பழக்கம் வந்த வரலாறு சுருக்கமானது. அப்பிள் நிறுவனத்தார் ‘ஐடியூன்ஸ்’ என்னும் செயலியை 2001ஆம் ஆண்டு சனவரியில் வெளியிட்டனர். அவ்வாண்டு ஒக்ரோபரில் ‘ஐபொட்’ அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் கணினிகளுக்கான ஐடியூன்ஸ் 2003இலும், ஐபோன் 2007இலும் வந்தன. பாட்டுக்கள் ஒருவர் கணினியிலிருந்து இன்னொருவர் கணினிக்குப் பாய்ந்துவிடும் என்ற அச்சம் அந்நாளில் பெரிதாக இருந்தது. முதல் ஐபொட்டின் மேலுறையிலேயே இசையைத் திருடவேண்டாம் என்ற எச்சரிக்கை ஒட்டப்பட்டிருந்தது. பாதையும் ஒருவழியாகவே அமைந்தது: கணினியிலிருந்து கருவிக்கு. ஒரு கருவி ஒரு சமயத்தில் ஓர் இசைநூலகத்துக்கே உரியது. அந்நிறுவனத்தாரின் கடையில் வாங்கிய பாட்டுக்களைக் கருவியிலிருந்து கணினிக்குத் திருப்பி எடுக்கலாம். கசெற்றிலிருந்து நாமே மாற்றிய பாட்டுக்கு அச்சலுகை இல்லை. அம்மப்பாவின் குரலை எக்கடையிலும் வாங்கவில்லையே!

ஆகவே நாம் முதலிற் செய்தது ஒத்திசைவை நிறுத்தி, ‘வேண்டாம்’ என்ற பொத்தானை அழுத்தியதே. பின்பு, ஐபோனிலுள்ள பாட்டுக்களைக் கணினிக்கு எடுப்பதற்கென்றே பிறர் ஆக்கிய மென்பொருள் ஒன்றைத் தேடி நிறுவி, ஒன்பது பதிவுகளையும் கணினியில் இறக்கினோம். அவற்றை இரண்டு பென்டிரைவ்களிற் படியெடுத்து, ஒன்றைப் பிள்ளையின் தாயாரிடம் கொடுத்தோம். ஒன்பதையும் தொடக்கம் முதல் முடிவு வரை கேட்டும் பார்த்தோம். கோப்பின் பெயர் இருப்பதனாலே குரல் இருக்கின்றதென்று கொள்ளுதல் கூடாது. அன்றிரவு இரண்டு மணித்தியாலம் அதிற் கழிந்தது. வீண் என்று எவரும் சொல்லார்.

இதன் பின்னரே ‘பாட்டு ஏன் ஏறவில்லை’ என்ற ஆராய்ச்சியிற் புகுந்தோம். இவ்வகைத் தொல்லை பல வீடுகளில் உண்டாதலால், தேடவேண்டிய ஒழுங்கை இங்கே தருகின்றோம்.

முதலிற் கேபிளைப் பார்க்க. கடைகளில் மலிவாக விற்கும் சில கேபிள்களில் மின்னேற்றும் கம்பிகள் மட்டுமே உள்ளன. தகவல் செல்லும் கம்பிகள் இல்லை. மின் ஏறுகின்றதே என்று ஏமாறலாகாது. கணினித் திரையில் கைத்தொலைபேசியின் பெயர் தோன்றுகின்றதா என்பதே சோதனை. தோன்றாவிடின், கைத்தொலைபேசியின் திரையைத் திறந்து பார்க்க. ‘இக்கணினியை நம்பலாமா?’ என்று அது கேட்டுக்கொண்டு காத்திருக்கும். நம்பலாம் என்று கூறி, இரகசிய இலக்கத்தையும் கொடுத்தாலன்றிக் கதவு திறவாது.

இரண்டாவது, சரியான செயலியைத் திறந்தோமா என்பது. மக் கணினிகளில் 2019ஆம் ஆண்டு ஐடியூன்ஸ் நீங்கிவிட்டது. அங்கே ‘ஃபைண்டர்’ வழியாகவே ஒத்திசைக்க வேண்டும். விண்டோஸ் கணினியில் ‘அப்பிள் டிவைசஸ்’ என்னும் புதிய செயலி நிறுவப்பட்டிருந்தால் அவ்வேலை அதனுடையது. அது இருக்க, பழைய ஐடியூன்சிலே மணிக்கணக்காகத் தேடுவது வீண்.

மூன்றாவது, முகில் சேமிப்பு. அப்பிள் மியூசிக் சேவைக்குச் சந்தா கட்டுவோர் கைத்தொலைபேசியில் ‘நூலக ஒத்திசைவு’ என்னும் ஏற்பாட்டைத் திறந்து வைத்திருப்பர். அது திறந்திருக்கும்வரை கேபிள் வழியாகப் பாட்டு ஏறாது. இரண்டு எசமானர்க்கு ஒரு வேலையாள் பணிசெய்ய இயலாது. அதனை நிறுத்தினால், அச்சேவையிலிருந்து இறக்கிய பாட்டுக்கள் கைத்தொலைபேசியினின்று நீங்கும் என்பதையும் முன்கூட்டியே அறிந்து நிறுத்துக.

நான்காவதே எமது பிள்ளையின் வீட்டிலும் குறுக்கே நின்றது. இசைநூலகம் என்று பெயர் பெற்றதை நாம் பாட்டுக்கள் வசிக்கும் அலுமாரி என்று எண்ணுகின்றோம். அஃது அலுமாரியன்று, நூல்நிலையத்தின் அட்டவணையே. இன்ன பாட்டு, இன்னார் பாடியது, இன்ன கோப்புறையில் உள்ளது என்பது மட்டும் அங்கே எழுதப்பட்டிருக்கும். பாட்டுக்கோப்பு வேறோரிடத்திற் கிடக்கும். நூலை ஒருவர் வேறு தட்டிற் செருகிவிட்டால், அட்டவணை பழைய தட்டையே காட்டும். பிள்ளை திருமணப் பாட்டுக்களை முதலில் ஒரு பென்டிரைவிலிருந்தே நூலகத்திற் சேர்த்து, பின் பென்டிரைவைக் கழற்றிவிட்டாள். பெயர்கள் அனைத்தும் திரையில் இருந்தன. பல பெயர்களின் அருகில் சிறு வியப்புக்குறியொன்று நின்றது. ‘கோப்பைக் காணவில்லை’ என்பதே அக்குறியின் பொருள். கோப்பில்லாத பாட்டு எப்படி ஏறும்? பாட்டுக்களைக் கணினிக்குட் படியெடுத்து, நூலகத்தில் மீண்டும் சேர்த்தோம். சேர்க்கும் கோப்புக்களைத் தன் கோப்புறைக்குள்ளேயே படியெடுத்து வைக்குமாறு செயலிக்குக் கட்டளையிடவும் வழியுண்டு. அதனை இயக்கி வைத்தல் நன்று.

ஐந்தாவது, பாட்டின் வடிவம். எம்.பி.3 வடிவத்தை ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் ஏற்கும். ஓக், ஃபிளாக் முதலிய வடிவங்களை ஐடியூன்ஸ் நூலகத்திற் சேர்ப்பதில்லை. வேறு வடிவத்துக்கு மாற்றிய பின்னரே சேர்க்கலாம்.

ஆறாவது, இடம். இசைத்தட்டின் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 10.6 மெகாபைற் வேண்டும்; 128 கிலோபிற் எம்.பி.3 வடிவத்தில் ஒரு மெகாபைற்றிலும் சற்றுக் குறைவு. ஐந்து நிமிடப் பாட்டு முன்னதில் 53ஐயும் பின்னதில் ஐந்துக்குட்பட்ட அளவையும் கொள்ளும். கைத்தொலைபேசி நிரம்பியிருந்தால் ஒத்திசைவு பாதியில் நிற்கும்.

இன்னும் ஒன்று. பாட்டு ஏறியிருந்தும் காணவில்லை என்று சிலர் வருந்துவர். எமது நாட்டிலே பல ஆண்டுகள் பாமினி எழுத்துருவில் தட்டெழுதியோர் பாட்டின் பெயரையும் அவ்வாறே எழுதி வைத்தனர். அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் அப்பெயர்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறித் தோன்றும். பாட்டு அங்கேதான் இருக்கும். பெயரை ஒருங்குறியில் திருத்தி எழுதினாற் போதும்.

அன்ட்றொயிட் வகைக் கைத்தொலைபேசி வைத்திருப்போர்க்கு இத்தனை சிரமம் இல்லை. கேபிளை மாட்டியதும் அது மின்னேற்ற நிலையிலேயே நிற்கும். திரையில் ‘கோப்புப் பரிமாற்றம்’ என்பதைத் தெரிவுசெய்து, பாட்டுக்களை ‘மியூசிக்’ கோப்புறையிற் படியெடுத்தால் வேலை முடிந்தது.

எமது கதைக்கு வருவோம். மறுநாள் மாலை பிள்ளையும் தாயாரும் வந்தனர். ஒன்பது கதைகளும் திருமணப் பாட்டுக்களும் புதிய நூலகத்தில் வரிசையாக நின்றன. முதல்நாட் கேள்வி மீண்டும் திரையில் தோன்றியது. இம்முறை ‘அமத்தும்’ என்றோம். பிள்ளை தாயாரின் முகத்தைப் பார்த்தாள். பென்டிரைவ் கைப்பைக்குள் இருக்கின்றதா என்று தாயார் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பொத்தானை அழுத்தியதும் கைத்தொலைபேசியிலிருந்த பாட்டுக்கள் யாவும் நீங்கின. சில நிமிடம் எவரும் பேசவில்லை. பின்பு ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின.

முதற்கதையை ஒலிக்கவிட்டோம். பாண்டவர் வனம் புகும் இடத்திலே கிழவர் கதையை நிறுத்தி, “பிள்ளை, விளக்கைத் தூண்டி விடு” என்கின்றார். அந்தப் பிள்ளை எம்முன் கதிரையில் இருந்த தாயார்தான். அவர் ஒன்றும் கூறவில்லை. கதை முடியும்வரை எழவுமில்லை.

மாணவர்கள் இக்காரியங்களில் முதியோரிலும் விரைவானவர்கள், விரைவு நல்லதே. ஆயின், ‘அழிக்கவா?’ என்று ஓர் இயந்திரம் கேட்கும்பொழுது விரைவு வேண்டாம். வன்தட்டு செயலிழக்கும், கைத்தொலைபேசி தண்ணீரில் விழும், பென்டிரைவ் தொலையும். மூன்றும் ஒரே நாளிற் கெடுவது அருமை. எனவே வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும் வேளையில் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: நமது வீட்டிலே ஓரிடத்தில் மட்டும் இருக்கும் குரல் யாருடையது? விடை கிடைத்ததும் இரண்டாம் பிரதியை இன்றே எடுத்து வையுங்கள். பாட்டு ஏறாத காரணத்தை நாளைக்கும் ஆராயலாம்.