ஆபீஸ் கூப்பிடுகிறது, வீடு என்ன செய்யும்?



'அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து எல்லோரும் அலுவலகத்துக்கு வர வேண்டும்.' இப்படி ஒரு மெயில் வந்து பல வீடுகளில் இப்போது தூக்கம் போயிருக்கிறது. மெயில் வருவது என்னவோ ஒருவருக்குத்தான். ஆனால் அன்று இரவு உட்கார்ந்து யோசிப்பது மொத்தக் குடும்பமும்.

ஸ்கூல் வேனிலிருந்து பாப்பாவை யார் இறக்கிக்கொள்வது? மாமனாருக்கு மத்தியான இன்சுலினை யார் போடுவது? சென்னையில் வீடு பார்த்தால் அட்வான்ஸுக்குப் பணம் எங்கே? அம்மா போன பிறகு ஊரில் அப்பா தனியாக இருக்கிறாரே, அவரை என்ன செய்வது?

இதில் எந்தக் கேள்விக்கும் ஹெச்.ஆர். மெயிலில் பதில் இருக்காது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு சேலத்துக்கும் திருநெல்வேலிக்கும் கும்பகோணத்துக்கும் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். 'ரெண்டு வாரம்தான்' என்று வந்தவர்கள் இரண்டு வருடம் இருந்தார்கள். வேலை நின்றதா? நிற்கவில்லை. மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கினார்கள், பிராட்பேண்ட் இழுத்தார்கள், மாடி அறையை ஆபீஸ் ஆக்கினார்கள். பெரும்பாலும் சொந்தக் காசில்.

அப்போது நிறுவனங்கள் சொன்னதும் நினைவிருக்கும். 2025-க்குள், எந்த நேரத்தில் பார்த்தாலும் தன் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்ற திட்டத்தை 2020-ல் டி.சி.எஸ். அறிவித்தது. நாட்டின் மிகப் பெரிய ஐ.டி. நிறுவனமே சொல்கிறது என்றால் ஒரு குடும்பம் அதை நம்பத்தானே செய்யும்? நம்பி, சொந்த ஊரில் வீட்டுக் கடன் வாங்கினார்கள். பிள்ளைகளை ஊர்ப் பள்ளியில் சேர்த்தார்கள். சென்னையில் வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி செய்தார்கள்.

அதே நிறுவனம் 2023 அக்டோபரிலிருந்து வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. அடுத்த ஆண்டே வருகைப் பதிவை ஊக்கத்தொகையோடு முடிச்சுப் போட்டது. விப்ரோ 2023 நவம்பரில் வாரம் மூன்று நாள் என்றது. இன்ஃபோசிஸ் 2025 மார்ச்சில், டீம் லீடர் மட்டம் வரை உள்ளவர்கள் மாதம் குறைந்தது 10 நாள் வர வேண்டும் என்றது. அமேசான் 2025 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு ஐந்து நாள். வீட்டிலிருந்து மீட்டிங் நடத்த உலகத்துக்கே வழி காட்டிய ஜூம் நிறுவனம்கூட 2023-ல் தன் ஊழியர்களில் பக்கத்தில் வசிப்பவர்களை வாரம் இரண்டு நாள் வரச் சொல்லிவிட்டது.

முடிவை மாற்றிக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை இல்லையா என்றால், இருக்கிறது. அவர்கள் சொல்லும் காரணங்களில் நியாயமும் இருக்கிறது. குறிப்பாகப் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் விஷயத்தில்.

காலேஜ் முடித்த கையோடு கட்டிலில் உட்கார்ந்து, திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும் முகங்களைப் பார்த்து வேலை கற்றுக்கொள்வது சிரமம். பக்கத்து சீட்டில் சீனியர் ஒருவர் கோபமாக இருக்கும் கிளையண்டிடம் எப்படிப் பொறுமையாகப் பேசுகிறார் என்பதைக் காதால் கேட்டே கற்றுக்கொள்ள வேண்டிய விஷயங்கள் நிறைய. சந்தேகம் வந்தால் நாற்காலியைத் திருப்பிக் கேட்டுவிடலாம். அதே சந்தேகத்தைச் சாட்டில் டைப் செய்யும்போது, 'இதுகூடத் தெரியலையான்னு நினைச்சிடுவாங்களோ' என்று கை தயங்கும். நண்பர்கள் கிடைப்பதும் அங்கேதான். உங்கள் வீட்டுப் பிள்ளை இப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தால், முதல் ஒன்றிரண்டு வருடமாவது ஆபீஸ் போகட்டும். நல்லதுதான்.

பெண்கள் பக்கத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். வீட்டிலிருந்து வேலை என்றதும் 'பொம்பளைங்களுக்கு ரொம்ப வசதி' என்று சொல்கிறோம். யாருக்கு வசதி?

ஒரு பக்கம் மீட்டிங் ஓடுகிறது. கேமராவை அணைத்துவிட்டுக் காய் நறுக்குகிறாள். கேஸ் சிலிண்டர் வருகிறது, கூரியர் வருகிறது, ஊரிலிருந்து பெரியம்மா வருகிறார். எல்லாவற்றுக்கும் எழுந்து போவது அவள்தான். ஏனென்றால், 'நீ வீட்லதானே இருக்கே?' கணவரும் வீட்டில்தான் இருக்கிறார். அவர் அறைக் கதவு மட்டும் சாத்தியிருக்கும். 'அப்பாவுக்கு மீட்டிங், சத்தம் போடாதே' என்று பிள்ளையை அடக்குகிறவளுக்கும் அதே நேரத்தில் மீட்டிங் இருக்கும்.

மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதை எண்ணிக்கையாகவே சொல்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். அவளுக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவருக்கு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. குழந்தைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இந்தக் கணக்கில் சேராது, அது தனி.

அதனால்தான், ஆபீஸ் திரும்பக் கூப்பிட்டபோது உள்ளுக்குள் சந்தோஷப்பட்ட பெண்களும் இருக்கிறார்கள். கேண்டீனில் யாரோ சமைத்ததைச் சூடாகச் சாப்பிடுவது, டீ குடித்துக்கொண்டே தோழியிடம் மனம் விட்டுப் பேசுவது, யாருடைய அம்மாவாகவும் மருமகளாகவும் இல்லாமல் ஒரு எட்டு மணி நேரம் தன் பெயரோடு இருப்பது. இதெல்லாம் சின்ன விஷயமா?

அப்படியென்றால் எல்லோரும் போய்விடலாமே, என்ன தடுக்கிறது? சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆர். தடுக்கிறது! தாம்பரத்திலிருந்தோ பெரம்பூரிலிருந்தோ சிறுசேரிக்குப் போய் வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரைக்கும் மெட்ரோ வரப்போகிறது, வரும்போது நிம்மதிதான். அதுவரை மெட்ரோ பணி நடக்கும் சாலையில் மணிக்கணக்கில் நின்று நின்றுதான் போக வேண்டும். காலை ஆறரைக்கு கேப் என்றால் நாலரைக்கு அடுப்புப் பற்ற வேண்டும். அந்த 289 நிமிடம் குறையப்போவதில்லை. விடியலுக்கு முன்னாலும் இரவு ஒன்பதுக்குப் பின்னாலும் தள்ளிவைக்கப்படும், அவ்வளவுதான். கடைசியில் ஒரு நாள், 'வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்' என்பாள். பத்து வருட அனுபவம் அதோடு வீட்டுக்குள் முடங்கும்.

இதற்கு நடுவில் வழியே இல்லையா? இருக்கிறது. பரீட்சை வைத்தே பார்த்திருக்கிறார்கள். சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களைப் பிறந்த தேதியை வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு ஐந்து நாளும் அலுவலகம். இன்னொரு பிரிவு மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீடு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் ப்ளூம் குழுவினர் செய்த இந்த ஆய்வு 2024-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. இரண்டு ஆண்டு மதிப்பீடுகளைப் பார்த்தும் வேலைத் திறனிலோ பதவி உயர்விலோ இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால், இரண்டு நாள் வீட்டில் இருந்த பிரிவில் வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். முக்கியமாகப் பெண்களும் தூரத்திலிருந்து வருகிறவர்களும். ஆரம்பத்தில் இது சரிவராது என்று நினைத்த மேனேஜர்களே பிறகு மனம் மாறினார்கள்.

மூன்று நாள் அங்கே, இரண்டு நாள் இங்கே. நம் வீட்டுப் பாட்டியிடம் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

ஆட்கள் ஆபீசுக்குப் போவது போல ஆபீசும் ஆட்களைத் தேடி வரலாம். ஜோஹோ நிறுவனம் கொரோனாவுக்குப் பல வருடம் முன்பே தென்காசிக்குப் போய்விட்டது. விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் அரசு மினி டைடல் பார்க் திறந்திருக்கிறது. கோவையிலும் மதுரையிலும் பெரிய நிறுவனங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூரிலேயே ஒரு ஆபீசில் கார்டு தேய்த்தால் என்ன குறைந்துவிடும்? இளைஞர்களுக்குச் சீனியர்களும் கிடைப்பார்கள், அப்பாவுக்குப் பிள்ளையும் கிடைப்பான்.

நர்ஸுக்கும் பஸ் கண்டக்டருக்கும் திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கும் இந்தச் சலுகை ஒருநாளும் கிடைத்ததில்லை, உங்களுக்கு மட்டும் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் ஒருவருக்குக் கிடைக்காத நிம்மதியை இன்னொருவரிடமிருந்தும் பிடுங்கிவிடுவதால் முதலாமவருக்கு என்ன வந்துவிடப்போகிறது? ஐ.டி. ஊழியர் வீட்டில் இருக்கும் நாளில் ரோட்டில் ஒரு கார் குறைந்தால், அந்த நர்ஸ் ஏறும் பஸ்ஸாவது சீக்கிரம் போகும்.

நிறுவனங்களை நடத்துகிறவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். வரச் சொல்லுங்கள், ஆனால் அவகாசம் கொடுத்துச் சொல்லுங்கள். நவம்பரில் கூப்பிட்டால் நடுக் கல்வியாண்டில் பிள்ளைக்கு எந்தப் பள்ளி இடம் கொடுக்கும்? ஜூனில் பள்ளி திறக்கிறது. அதை ஒட்டி முடிவெடுத்தால் எத்தனை வீடுகள் நிம்மதியாக மூட்டை கட்டும்! கார்டு எத்தனை முறை தேய்த்தார் என்பதைவிட என்ன வேலை முடித்தார் என்று பாருங்கள். முகம் காட்டுவதற்காக வந்து, ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்புகிறவரால் யாருக்கும் பயனில்லை.

பிள்ளை பெற்ற பெண்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது வந்த ஏற்பாடு, விடுப்பு முடிந்த பிறகும் வேலையின் தன்மை இடம் கொடுத்தால், நிறுவனத்தோடு பேசி ஒத்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை செய்ய வழி தருகிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்துவர விட வேண்டும் என்பதும் அதோடு வந்ததுதான். தயங்காமல் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். காலை டிபன் யார், ஸ்கூல் வேன் யார், தாத்தாவின் மாத்திரை யார் என்று பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். மகனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். மருமகள் கிளம்பும் நேரத்தில் 'சாயந்தரம் வந்து பார்த்துக்கோ' என்று எதையும் மிச்சம் வைக்காதீர்கள்.

உங்கள் நிறுவனம் இந்த விஷயத்தில் மனிதத்தன்மையோடு நடந்துகொண்டதா? உங்கள் வீட்டில் வேலையைப் பிரித்துக்கொண்டது எப்படி? எழுதி அனுப்புங்கள். மற்றவர்களும் கேட்டுப் பெறுவதற்கு உதவும் என்பதால் நல்ல ஏற்பாடுகளை வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்