இரட்டித்தால் இரட்டிக்குமா?

ஓம் விதி படித்தோம்: மின்னழுத்தம் இரட்டித்தால் மின்னோட்டமும் இரட்டிக்கும். நம் பாடத்தில் பெரும்பாலும் இந்த நேர்கோடுதான். உலகம் அப்படியா இருக்கிறது?

பிளாஸ்மாவைப் பாருங்கள். சாதாரண ஒளி அடர்ந்த பிளாஸ்மாவில் பட்டால் திரும்பிவிடும். அதே ஒளியை லேசரால் மிகக் கடுமையாக்கினால், எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தை நெருங்கி ஆடும்; எடை கூடியதுபோல் மந்தமாகும்; மறித்த பிளாஸ்மாவே வழிவிடும்! 1970-ல் இதைக் கணக்கிட்டவர்கள் ஜான் டாசனும் நம் நாட்டு பிரிதிமன் காவும். காவ் பின்னாளில் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர்.

திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் பெயரும் இங்கே உண்டு. லேசர் ஒளி பிளாஸ்மா அலையில் பட்டு, நிறம் மாறிச் சிதறுவதும் ராமன் சிதறல்தான். ஓர் எல்லை தாண்டியதும் சிதறல் அலையை வளர்க்கும். அலை சிதறலை வளர்க்கும். அப்புறம் கட்டுக்கடங்காது.

"இதெல்லாம் நமக்கு எதுக்குப்பா?" என்பீர்கள். அச்சங்குளத்துக்காரன் சொல்கிறேன். 2021 பிப்ரவரி 12 வெடிவிபத்தை எங்கள் ஊர் மறக்குமா? பட்டாசு மருந்தும் நேர்கோட்டில் போகாது. ஓரளவு உராய்வு வரை சும்மா கிடக்கும். எல்லை தாண்டினால் அறையே இருக்காது. "கொஞ்சம் கூடுனா கொஞ்சந்தானே ஆபத்து" என்ற நினைப்புதான் உயிரைக் குடிக்கிறது.

ஆகவே, நேர்கோட்டில் போகாத இயற்பியலுக்கு டிப்ளமோவில் ஒரு பாடமாவது வேண்டும். லேசர் கூடத்துக்குப் போகிறவனுக்கும் அது உதவும்; மருந்து அறைக்குப் போகிறவனை வீடு திரும்ப வைக்கும்!