பெண்கள் மேல்படிப்பும் ஊர்ப் பொதுப்பணமும்

நமது நாட்டில் எந்த ஊரை எடுத்துக் கொண்டாலும் அந்த ஊரில் ஒரு கோவிலும், அந்தக் கோவிலுக்கு ஒரு திருவிழாவும், அந்தத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி என்பதாக ஒரு வசூலும் இல்லாமல் இருப்பதில்லை. வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் இந்த வரியிலிருந்து ஒருவன் தப்பித்துக் கொள்ள முடியாது. கொடுக்காதவன் வீட்டு நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஊரார் வரமாட்டார்கள் என்கிற பயமே போலீசு வேலை செய்து வசூலித்துக் கொடுத்து விடுகின்றது. இந்தப் பணம் வாணமாகவும், மேளமாகவும், ஒலிபெருக்கிச் சத்தமாகவும் மூன்றே நாளில் புகைந்து போவதைப் பற்றி நாம் பல மேடைகளில் பேசியிருப்பதால் இங்கு அதை விரிக்கப் போவதில்லை. அதே ஊரில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய ஒரு பெண் கல்லூரிக்குப் போக வேண்டுமென்றால் அந்த ஊர் என்ன செய்கின்றது என்பதைப் பற்றியே எழுதுகின்றோம்.

சென்ற வருஷம் மே மாதத்தில் ஒரு ஊருக்குப் பேசப் போயிருந்தோம். ஊர்ப் பெயர் வேண்டியதில்லை. வாசகர்கள் தங்கள் ஊர்ப் பெயரையே போட்டுப் படித்துக் கொள்ளலாம். கூட்டம் முடிந்ததும் தையற்கடை வைத்திருக்கும் ஒரு தோழர் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். பெண்ணுக்குத் தகப்பன் இல்லை. தாய் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பெண் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படித்து நல்ல மார்க்கு வாங்கி, அரசாங்கக் கல்லூரியில் இடமும் பெற்றுவிட்டாள். ஆனால் கல்லூரி தூரத்தில் இருக்கின்றது. விடுதி முன்பணம், ஒரு பெட்டி, நான்கு துணி, புத்தகம், முதல் மாதச் சாப்பாடு ஆகிய இவைகளுக்கு வழியில்லை. திருவிழாக் கணக்கில் மிச்சமிருந்த பணத்தில் கொஞ்சம் கொடுத்து உதவும்படி கமிட்டியாரைக் கேட்டாராம்.

கமிட்டியாரில் ஒருவர் “சாமி பணத்தைத் தொடக்கூடாது” என்றார். மற்றொருவர் “இன்னொருத்தன் வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு ஊர் ஏன் தண்டம் அழ வேண்டும்?” என்றார். மூன்றாமவர் மாத்திரம் மனதில் இருந்ததை மறைக்காமல், “படிக்க வைத்தால் நாளைக்கு எவன் கூடவாவது போய்விடுவாள், அப்புறம் ஊர் மானம் என்ன ஆகிறது?” என்றாராம்.

முதல் இருவருக்கும் பதில் சொல்லுவதில் சிரமமில்லை. சாமி பணத்தைத் தொடாமலா வாணக்காரனுக்குக் கொடுத்தார்கள்? இன்னொருவன் வீட்டுக்குப் போகிறவள் என்றால், இன்னொருவன் வீட்டிலிருந்து இந்த ஊருக்கு வந்திருக்கிற மருமகள்கள் படித்தவர்களாய் இருக்க வேண்டும் என்று மட்டும் எப்படி எதிர்பார்க்கிறார்கள்? அந்த மூன்றாமவரைத்தான் நாம் யோக்கியர் என்போம். ஏனென்றால் பெண் படித்தால் தன் காலில் நிற்பாள், தன் காலில் நிற்கிறவள் தனக்கு வேண்டியதைத் தானே தீர்மானித்துக் கொள்வாள் என்கிற உண்மையை நம் தோழர்களில் பலரை விட அவர் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார். அவர் எதற்காகப் பயப்படுகின்றாரோ அதற்காகவேதான் நாம் பெண் படிக்க வேண்டும் என்கின்றோம். இதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

நாமும் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர்களல்ல. படித்ததெல்லாம் ஊர் நூலகத்தில் படித்ததுதான். நமது தமக்கையார் நம்மைவிடக் கெட்டிக்காரர். ஆண் பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும் என்பதற்காக அவரை நிறுத்தினார்கள். பிறகு பணமில்லாமல் நாமும் நின்றோம். அவர் இன்றைக்கும் கடைச் சீட்டை நம்மிடம் காட்டாமல் தானே கூட்டிப் பார்க்கிறார். கணக்கில் ஒரு நாளும் தப்பு வந்ததில்லை.

நிற்க, ஒரு பெண்ணுக்குக் கொடுக்கும் உபகாரச் சம்பளம் என்ன பலன் தரும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி என்கிற பெண் 1904-ம் வருஷ வாக்கில் அந்த ஊர் மகாராஜா கல்லூரியில் படிக்க இடம் கேட்டபோது, ஆண் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் பெண்ணா என்று கூக்குரல் கிளம்பிற்று. போதாததற்கு அந்தப் பெண்ணின் தாயார் தேவதாசி என்று சொல்லப்பட்ட குலத்தில் பிறந்தவர். ராஜாவாக இருந்த மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அந்தக் கூக்குரலைக் காதில் போட்டுக் கொள்ளாமல் இடமும் கொடுத்து, உபகாரச் சம்பளமும் கொடுத்தார். ராஜாக்களைப் புகழுகிற வழக்கம் நமக்குக் கிடையாது. ஆனால் நடந்ததைச் சொல்லித்தானே ஆகவேண்டும்? அந்தப் பெண் 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1912-ல் டாக்டராகி, 1927-ல் சென்னைச் சட்டசபையில் உபதலைவராகி, எந்தக் குலத்தைச் சொல்லித் தம்மைத் தடுத்தார்களோ அந்தக் குலத்துப் பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டி விடுகிற கொடுமையை ஒழிக்கப் பாடுபட்டார். 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை நடக்க ஆரம்பித்ததும் அவருடைய முயற்சியால்தான். ஒரு ஊர்க் கல்லூரி ஒரு பெண்ணுக்குக் கதவைத் திறந்ததன் பலன் இவ்வளவு என்றால், திறக்காமல் போன கதவுகளால் எத்தனை முத்துலட்சுமிகள் அடுப்படியில் கிடந்து மாய்ந்தார்கள் என்பதற்குக் கணக்கு வைத்தவர் யார்?

அதே கொடுமையை எதிர்த்து நின்றவர்தான் நமது இயக்கத்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அவர் பெயரால் 1989-ல் சர்க்கார் ஒரு உதவித் திட்டம் ஏற்படுத்திற்று. எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய் என்பது அதன் விதி. ஆனால் எப்பொழுது? அவளுக்குக் கல்யாணம் ஆகும்பொழுது! பிற்காலத்தில் தொகை ஏறிற்று. 2011-ல் தாலிக்கு என்று 4 கிராம் தங்கமும் சேர்ந்தது. 2016-ல் அது 8 கிராம் ஆயிற்று. இதனால் பல வீடுகளில் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் நிறுத்தாமல் இருந்தார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனாலும் தாலி இல்லாமலே கல்யாணம் செய்து காட்டிய இயக்கத்தைச் சேர்ந்த அம்மையாரின் பெயரைச் சொல்லித் தாலிக்குத் தங்கம் அளந்ததை எண்ணினால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடைசியில் 2022-ல் அந்தத் திட்டம் மாற்றப்பட்டு, செப்டம்பர் 5 முதல் ‘புதுமைப்பெண்’ என்கிற பெயரில், அரசாங்கப் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்துவிட்டு மேல்படிப்புக்குப் போகிற பெண்ணின் பாங்கிக் கணக்கிலேயே மாதம் 1,000 ரூபாய் போடுவது என்று ஆயிற்று. கழுத்துக்குப் போய்க் கொண்டிருந்த பணம் கைக்கு வந்தது.

சர்க்கார் கொடுக்கும்போது ஊர் எதற்கு என்று கேட்பார்கள். அந்த 1,000 ரூபாய் கல்லூரியில் சேர்ந்த பெண்ணுக்குத்தான். சேருவதற்கு வேண்டிய பணத்துக்கு அவள் எங்கே போவாள்? பரீட்சை முடிவு வந்த நாளுக்கும் கல்லூரியில் சேர்ந்து முதல் மாதத்தைத் தள்ளுகிற நாளுக்கும் நடுவில் இருக்கிற சில வாரங்களில்தான் பெண்ணின் தலைவிதி என்று சொல்லப்படுவது எழுதப்படுகின்றது. எழுதுகிறவன் பிரம்மன் அல்ல; மாமன், சித்தப்பன், வட்டிக்காரன், பனியன் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிற தரகன் ஆகியவர்களே. அந்தச் சமயத்தில் தரகன் முன்பணத்தோடு வீட்டு வாசலில் நிற்கின்றான். ஊரோ தேர் இழுத்த களைப்பில் தூங்குகின்றது. 1929-ல் செங்கற்பட்டு மாநாட்டில் பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று நாம் தீர்மானம் செய்தோம். அது இந்த நாட்டில் சட்டமாக 1989 வரை 60 வருஷம் காத்திருந்தோம். கல்லூரியில் இடம் பெற்ற பெண்ணால் 60 நாள் கூடக் காத்திருக்க முடியாது.

ஊரார் கொடுக்கிற உதவி என்றால் எல்லா உதவியும் நல்லதாகிவிடாது. சாதிச் சங்கங்கள் உபகாரச் சம்பளம் கொடுக்கின்றன. எந்தச் சாதிப் பெண்ணுக்கு? தன் சாதிப் பெண்ணுக்கு. அப்படிக் கொடுத்துவிட்டு, அவள் படித்து முடிக்கும் வரை யாரோடு பேசுகிறாள், யாரோடு பஸ் ஏறுகிறாள் என்று பார்த்துக் கொண்டிருப்பதற்கும் தங்களுக்குப் பாத்தியம் வந்துவிட்டதாக எண்ணிக் கொள்ளுகிறார்கள். இது உதவியல்ல, மூக்கணாங்கயிறு. இன்னும் சில தர்மப் பிரபுக்கள் 5,000 ரூபாய் கொடுப்பதற்கு 50,000 ரூபாயில் பந்தல் போட்டு, அந்தப் பெண்ணைத் தாயாரோடு மேடையில் நிறுத்தி, காலில் விழச் சொல்லிப் படம் பிடித்துச் சுவரில் ஒட்டுகின்றார்கள். பதினேழு வயதுப் பெண், தான் ஏழை என்பதை ஊரெல்லாம் சுவரில் பார்த்துக் கொண்டு கல்லூரிக்குப் போக வேண்டும்! பந்தல் செலவைக் கொடுத்திருந்தால் பத்துப் பெண்கள் சேர்ந்திருப்பார்கள்.

நாம் சொல்லுவது வெகு சாதாரணம். ஊரில் பத்துப் பேர் மாதம் நூறு ரூபாய் போட்டால் வருஷத்துக்கு 12,000 ஆகின்றது. ஒரு பெண்ணுக்கு முதல் மாதம் தள்ள அதுவே பெரிய கை கொடுக்கும். சாதி கேட்க வேண்டாம். நடத்தைச் சான்று கேட்க வேண்டாம். கல்யாணம் எப்பொழுது என்று கேட்கவே வேண்டாம். பணம் தகப்பன் கையிலோ அண்ணன் கையிலோ போகாமல் பெண்ணின் கையிலேயே போக வேண்டும். திருப்பிக் கொடு என்று கேட்கவும் கூடாது. சம்பாதிக்கிற காலத்தில் அவளாகக் கொடுத்தால் அடுத்த பெண்ணுக்கு ஆயிற்று. இதில் பணத்தை விடப் பெரிய லாபம் ஒன்றிருக்கின்றது. பத்து வீட்டார் பணம் போட்டுப் படிக்கிற பெண்ணைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேச ஒருவன் கொஞ்சம் யோசிப்பான். ஏனென்றால் அந்தப் பத்து வீட்டாரும் அவளுக்குப் பங்காளிகளாகி விடுகிறார்கள்.

அந்த ஊர்க் கமிட்டியார் கடைசி வரை அசையவில்லை. மிச்சப் பணத்தில் உற்சவருக்கு ஒரு வெள்ளிக் குடை வாங்கியதாகக் கேள்வி. தையற்கடைத் தோழர் மாத்திரம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தன் பெயரையும், டீக்கடைக்காரர் பெயரையும், ஒரு உபாத்தியாயினி பெயரையும் முதலில் எழுதி வசூலைத் தொடங்கினார். நாமும் ஒரு கையெழுத்துப் போட்டு வந்தோம். பெண் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். சென்ற வாரம் அந்தப் பக்கம் போனபோது நோட்டில் பத்தொன்பது பெயர் இருந்தது. அதில் ஏழு பெண்கள். பதினெட்டாவது பெயர், ஊர் மானத்தைப் பற்றிக் கவலைப்பட்ட அந்த மூன்றாமவரின் மனைவியுடையது.